கூடத்துக்கும் ஒரு குடிமராமத்து வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்தின் சாவி இரண்டு வருஷமாக என் வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. மாதத்தில் நாலு பேராவது வந்து நிற்கிறார்கள். "அக்கா, தையில பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன், அதுக்குள்ள கூடம் சரியாயிடுமா?" என்கிறார்கள். கையில் சாவியை வைத்துக்கொண்டு, தெரியாது தம்பி, தெரியாது தாயி என்று சொல்லிச் சொல்லி எனக்கு மனசு விட்டுப்போய்விட்டது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் திருத்துறைப்பூண்டி வட்டத்தில், முள்ளியாற்றுக் கடைமடையில் இருக்கும் ஒரு சின்ன ஊரைச் சேர்ந்தவள். முப்பது வருஷத்துக்கு மேல் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றேன். அரிசி எத்தனை கிலோ, பருப்பு எவ்வளவு, முட்டை எத்தனை, பிள்ளைகள் எத்தனை என்று தினமும் எழுதிய கை. அதனால் ஊரில் எந்தப் பொதுக்கணக்கு ஆனாலும் நோட்டு என்னிடம்தான் வரும். கூடத்து வாடகை நோட்டும் அப்படி வந்ததுதான்.

கூடத்தை 1998-ல் கட்டினார்கள். எங்கே கட்டுவது என்றே ஒரு வருஷம் பேச்சு நடந்தது. மேலத்தெருவில் கட்டினால் கீழத்தெருக்காரர்கள் வரமாட்டார்கள், கீழத்தெருவில் கட்டினால் மேலத்தெருக்காரர்கள் வரமாட்டார்கள். கடைசியில் இரண்டுக்கும் நடுவில் குளத்துக்கு வடகரையில் இருந்த புறம்போக்கில் கட்டினார்கள். முதல் நாலைந்து வருஷம் அவரவர் விசேஷத்துக்கு அவரவர் தெரு மட்டும் வரும். பிறகு மெல்ல மெல்ல மாறியது. அந்த மாற்றத்தை நான் பந்தி விசாரித்துக்கொண்டே கண்ணால் பார்த்தவள். அதைத் திட்டம் போட்டு யாரும் நடத்தவில்லை. மழைக்கு ஒழுகாத ஒரு கூரையும், நூறு பேர் உட்கார ஒரு தரையும், பொதுவாக ஒரு வாசலும் இருந்தது. அவ்வளவுதான்.

கீழத்தெருவில் அன்றைக்குப் பெரும்பாலும் கூரை வீடு. கூலி வேலை செய்கிற குடும்பம். பெண் பெரியவளானாலும் சரி, வளைகாப்பு, காதுகுத்து, பதினாறாம் நாள் காரியம் எதுவானாலும் சரி, வாசலில் நாலு கீற்றைக் கட்டித்தான் செய்வார்கள். ஐப்பசி, கார்த்திகையில் காரியம் வந்தால் சேற்றில் சாக்கு விரித்து இலை போட்டதை நான் பார்த்திருக்கிறேன். கூடம் வந்த பிறகு முதலில் 500 ரூபாய், கடைசியாக 1,500 ரூபாய் வாடகையில் அந்த வீட்டுப் பெண்களும் மின்விசிறிக்குக் கீழே மணவறையில் உட்கார்ந்தார்கள்.

இதற்கெல்லாம் மேலே கஜா. 2018 நவம்பர் 15 சாயங்காலமே குடிசை வீட்டுக்காரர்கள் எல்லோரும் கூடத்துக்கு வந்துவிட வேண்டும் என்று தண்டோரா போட்டார்கள். இருநூற்றுக்கு மேல் பேர் உள்ளே. பத்து நாள் பிள்ளை ஒன்றும் இருந்தது. நள்ளிரவு தாண்டிக் காற்று திரும்பியபோது தென்பக்கத்துச் சன்னல் கதவு இரண்டும் பிய்ந்து போயின. ஆண்கள் பெஞ்சுகளைத் தூக்கிச் சன்னலில் வைத்து, முதுகைக் கொடுத்து விடியும்வரை நின்றார்கள். பின்பக்கம் இருந்த தகரக் கொட்டகை ஓசையோடு எழும்பிப் போனது, காலையில் அது குளத்தில் கிடந்தது. விடியற்காலை வேதாரண்யம் பக்கம் புயல் கரையைக் கடந்தது என்று பிறகுதான் எங்களுக்குத் தெரியும். வெளியே வந்து பார்த்தால் தென்னை நின்ற இடத்தில் வானம் தெரிந்தது. கூடம் மட்டும் நின்றது.

அன்றிலிருந்து 19 நாள் அங்கேதான் ஊருக்கே உலை. மின்சாரம் இல்லை, மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வாடகை ஜெனரேட்டர். சாய்ந்த தென்னை பச்சையாக இருந்ததால் எரியவில்லை, பழைய மட்டையும் இடிந்த வீட்டுக் கழியும்தான் விறகு. பள்ளிக்கூடத்து அண்டாவையும் கரண்டியையும் நான்தான் கையெழுத்துப் போட்டு எடுத்து வந்தேன். மேலத்தெருவிலிருந்து மூட்டை அரிசி வந்தது, கீழத்தெருப் பெண்கள் அடுப்பைப் பார்த்தார்கள். ஒரே அண்டா, ஒரே பந்தி. யார் பக்கத்தில் யார் என்று அந்த 19 நாளில் ஒருவரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் கேட்கவில்லை.

புயல் நிவாரணம் பிறகு வந்தது. வீட்டுக்கு வந்தது, விழுந்த மரத்துக்கு வந்தது, படகுக்கு வந்தது. கூடத்துக்கு என்று யாரும் மனு போடவில்லை, ஏனென்றால் கூடம் யாருடைய வீடும் இல்லை. பிய்ந்த சன்னலுக்கு ஊர்ப்பணத்தில் பலகை அடித்தோம். மொட்டைமாடியில் தென்னை விழுந்து கைப்பிடிச் சுவர் உடைந்து, மேலே பதித்திருந்த தட்டை ஓடுகளும் (தட்டோடு என்போம்) நொறுங்கியிருந்ததை, அதன் மேல் சிமெண்டைப் பூசி மூடிவிட்டோம். அது நாங்கள் செய்த தவறு. அங்கிருந்துதான் கேடு ஆரம்பித்தது.

எங்கள் ஊர்க் கொத்தனார் எனக்கு அதை விளக்கிச் சொன்னார். மேல்தளத்துக்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்துப் போட்டு, அதன் மேல் தட்டோடு பதிப்பது வெயிலுக்கு மட்டும் இல்லை, தண்ணீர் இறங்காமல் ஓட்டிவிடவும்தான். தட்டோடு உடைந்த இடத்தில் மழைத்தண்ணீர் நின்று ஊறும். ஊறிய தண்ணீர் கான்கிரீட்டுக்குள் இருக்கிற கம்பியைத் தொட்டால் துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி பருக்கும், பருத்ததும் அடியில் இருக்கிற காரையைத் தள்ளிக்கொண்டு வரும். இதோடு எங்கள் பக்கத்துக் காற்றிலும் உப்பு, போர் தண்ணீரிலும் உப்பு. கட்டும்போதே உப்புத் தண்ணீரில் கலவை போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். தண்ணீர் வடிகிற குழாய் அடைத்துக்கொண்டு, மூலையில் அரசங்கன்று வேறு முளைத்து வேர் விட்டிருந்தது. கீழே நின்று பார்த்தால் சுண்ணாம்பு அடித்து அழகாகத்தான் இருக்கும். உள்ளே கம்பி கரைந்துகொண்டிருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முந்திய பங்குனியில் ஒரு பதினாறாம் நாள் காரியம். முதல் பந்தி எழுந்து கை கழுவப் போயிருந்தது, இரண்டாம் பந்திக்கு இலை போட்டுத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். மேலிருந்து ஒரு முறம் அகலத்துக்குக் காரை பெயர்ந்து நேராக இலை மேல் விழுந்தது. ஒரு நிமிஷம் முன்னாலோ பின்னாலோ என்றால் அந்த இலைக்கு முன் மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள். அதில் ஒன்று சின்னப் பெண். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்று சாயங்காலமே நான்தான் பூட்டச் சொன்னேன். 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் பள்ளிக் கூரை தீப்பிடித்து 94 பிள்ளைகள் போன அன்றும் நான் சத்துணவுக் கூடத்தில் அடுப்பு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். கூரை என்றால் அன்றிலிருந்து எனக்குப் பயம் உண்டு. பூட்டியது சரிதான். ஆனால் பூட்டியதோடு விட்டுவிடுவதற்கு அல்ல பூட்டியது.

பூட்டிய மூன்றாம் மாதம் பொறியாளர் ஒருவர் வந்து பார்த்தார். நல்ல மனிதர், ஏணி வைத்து ஏறி, சுத்தியால் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டார். தூண்களும் உத்திரங்களும் உறுதியாக இருக்கின்றன, மேல்தளத்தில்தான் பாதிக்குமேல் பழுது என்றார். பெயர்ந்த காரையை முழுக்கக் கொத்தி எடுத்து, கம்பியைக் கம்பித் தூரிகையால் தேய்த்துத் துரு நீக்கி, துரு தடுக்கும் பூச்சு கொடுத்து, மெலிந்த இடத்தில் புதுக் கம்பி கட்டிப் பூச வேண்டும். மேலே பழைய தட்டோடுகளை எடுத்துவிட்டுப் புதிதாகத் தளவரிசை போட வேண்டும். கழிவறை, மின்கம்பி, சன்னல், எல்லாம் சேர்த்து 6,90,000 ரூபாய் மதிப்பீடு. இப்படிச் செய்தால் இன்னும் இருபது வருஷம் நிற்கும் என்றார். புதிதாக ஒன்று கட்டுவதானால் அரைக் கோடிக்குக் குறையாது என்றும் அவரே சொன்னார்.

அந்த 6,90,000 ரூபாய்க்குத்தான் இரண்டு வருஷமாக அலைகிறோம். மே 1 கிராம சபையிலும் அக்டோபர் 2 கிராம சபையிலும் தீர்மானம் போட்டோம். ஊராட்சியின் சொந்த வருமானம் தெருவிளக்குக்கும் மோட்டாருக்குமே போதவில்லை. மத்திய அரசின் 15-வது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்தான் என்று கட்டி வைத்திருந்தார்கள், மீதி 40 சதவீதத்துக்குச் சாலையும் பாலமும் வரிசையில் நின்றன. சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், நாடாளுமன்ற உறுப்பினர் நிதி 5 கோடி. பெரிய தொகைதான், ஆனால் ஒரு நாடாளுமன்றத் தொகுதிக்குள் ஆறு சட்டமன்றத் தொகுதி, ஒவ்வொன்றிலும் எத்தனையோ ஊராட்சி. நான் போய் நின்ற அலுவலகங்களில் எல்லாம் ஒரே கேள்வி: "புதுக் கட்டடமா, மராமத்தா?" மராமத்து என்றதும் அடுத்த மேசையைக் காட்டினார்கள். அந்த மேசையில் இருந்தவர் இதற்குப் பணம் ஒதுக்கத் தலைப்பு இல்லையே அம்மா என்றார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஒரு கூடம் கட்ட வழி வைத்தவர்கள், அதைக் காப்பாற்ற வழி வைக்கவில்லை என்பதுதான் வருத்தம். 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு எங்கள் ஊராட்சி மன்றத்தின் பதவிக்காலமும் முடிந்து, பொறுப்பு தனி அலுவலரிடம் போனது. பல ஊராட்சிகளை ஒரே ஆள் பார்க்கிறபோது எங்கள் ஊர்க் கூரை அவர் நினைவுக்கு எப்போது வரும்?

கடைசியில் "நமக்கு நாமே" திட்டத்தைச் சொன்னார்கள். மக்கள் மூன்றில் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசு போடும். அதற்குள் கட்டட வேலைக்கு அரசு போடும் அடுத்த ஆண்டுக்கான விலை விகிதப் பட்டியல் வந்துவிட்டதால் மதிப்பீட்டை மாற்றி எழுதினார்கள், 7,60,000 ஆனது. எங்கள் பங்கு 2,53,000 சொச்சம். கூலிக்காரர்கள் நிறைந்த ஊரில் அது எங்கிருந்து வரும்?

என் மருமகள் பேராவூரணிப் பக்கத்துப் பெண். அங்கே ஆடி, ஆவணியில் மொய் விருந்து வைப்பார்கள் என்பது உங்கள் வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். கறிச் சோறு போட்டு மொய் வாங்கி, அந்தப் பணத்தில் கடை வைப்பார்கள், நிலம் வாங்குவார்கள், பிள்ளையைப் படிக்க வைப்பார்கள். பிறகு அவரவர் விருந்துக்குப் போய்த் திருப்பிச் செய்வார்கள். "அத்தை, கூடத்துக்கு ஏன் ஒரு மொய் விருந்து வைக்கக் கூடாது?" என்று அவள்தான் கேட்டாள். எங்கள் பக்கம் அந்த வழக்கம் இல்லை. ஆனாலும் போன ஆவணியில் குளத்துக் கரையில் பந்தல் போட்டோம். பத்திரிகையில் விருந்து வைப்பவர் என்ற இடத்தில் "ஊர்ச் சமுதாயக் கூடம்" என்று அச்சடித்தோம். அரிசி ஒரு வீடு, ஆட்டுக்கறி நாலு வீடு, எண்ணெய் மளிகைக்கடைக்காரர். சமைத்தது நாங்கள்.

மொய் எழுத உட்கார்ந்தவள் நான். 100 நாள் வேலைக்குப் போகிற ஒரு பாட்டி, முந்தானையில் முடிந்து வைத்திருந்த 200 ரூபாயை அவிழ்த்து வைத்து, "என் பேரு போடாதம்மா, அவரு பேரு போடு, அவருக்குக் காரியம் அங்கதான செஞ்சோம்" என்றார். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிற பையன்கள் போனில் அனுப்பினார்கள். மஸ்கட்டில் இருக்கும் ஒரு தம்பி, கஜா இரவில் சன்னலுக்கு முதுகு கொடுத்து நின்றவர்களில் ஒருவர், 10,000 அனுப்பினார். அன்று இரவு எண்ணி முடித்தபோது 2,71,450 ரூபாய். இரண்டு தெருவிலும் பணம் வைக்காத வீடு இல்லை. வங்கியில் மூன்று பேர் கூட்டுக் கையெழுத்தில் போட்டு வைத்திருக்கிறோம், நோட்டை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

பணத்தோடு போனோம். இந்த வருஷத்து ஒதுக்கீடு முடிந்துவிட்டது, அடுத்த வருஷம் வாருங்கள் என்றார்கள். அடுத்த வருஷம் என்றால் மறுபடி புது விலைப் பட்டியல், மறுபடி மதிப்பீடு, மறுபடி எங்கள் பங்கு ஏறும். அதற்குள் ஒரு ஐப்பசி மழை அந்த மேல்தளத்தில் நின்றால் மதிப்பீட்டில் இருக்கிற வேலையே போதாமல் போகும். இதைவிட ஒரு பயம் எனக்கு உண்டு. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிச் சுவர் விழுந்து மூன்று பிள்ளைகள் இறந்த பிறகு, பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடித்தார்கள். அது செய்ய வேண்டியதுதான். எங்கள் ஊர்ப் பள்ளியிலும் ஒரு கட்டடம் போனது, புதியது வரும்வரை ஏழு மாதம் பிள்ளைகள் படித்தது இந்தக் கூடத்தில்தான். நாளைக்கு இந்தக் கூடத்தையும் ஒருவர் வந்து பார்த்து "பயன்படுத்தத் தகுதியற்றது" என்று எழுதிவிட்டால், காப்பாற்றக்கூடிய ஒன்றை இடித்துவிட்டு அரைக் கோடிக்கு எந்தக் காலத்தில் காத்திருப்போம்?

இப்போதே ஊரில் அதன் விலையைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். போன வைகாசியில் கீழத்தெருவில் ஒரு கல்யாணம். டவுனில் மண்டபம் 55,000 ரூபாய், ஆட்களை ஏற்றிப்போக வேன் தனி. பெண்ணின் அப்பா வாரத் தவணைக்குக் கடன் வாங்கினார். செவ்வாய்க்கிழமை காலையில் அந்தத் தவணைக்காரர் வண்டி எங்கள் தெருவைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஆணியில் தொங்கும் சாவிதான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

ஆசிரியர் அவர்களே, நான் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். 2009 முதல் 2018 வரை பத்து வருஷத்தில் கூடத்தில் 287 நிகழ்ச்சி நடந்திருக்கிறது. வாடகை வசூல் 3,12,000 ரூபாய். மின்கட்டணம், பெருக்குகிற அம்மாவுக்குக் கூலி போக 2,21,000 மிச்சம். அத்தனையும் ஊராட்சியின் பொதுநிதிக் கணக்கில் கட்டப்பட்டிருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் ரசீது இருக்கிறது. ஒரு பைசா யாரும் எடுக்கவில்லை. அந்தப் பணத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டினார்கள், தெருவுக்குக் குழல்விளக்கு போட்டார்கள். ஊருக்குத்தான் செலவானது. ஆனால் அதில் பாதியைக் கூடத்தின் பெயரில் தனியாக ஒரு கணக்கில் வைத்திருந்தால், கஜா முடிந்த கையோடு தட்டோட்டைப் பெயர்த்துச் சரியாகப் போட்டிருக்கலாம். அன்றைக்கு அது 60,000 ரூபாய் வேலை என்று கொத்தனார் சொல்கிறார். சிமெண்டைப் பூசி மூடியிருக்க மாட்டோம்.

இதைத்தான் அரசு முதலில் செய்ய வேண்டும் என்று கேட்கிறேன். சமுதாயக் கூடத்தில் வசூலாகும் வாடகையை அந்தக் கூடத்தின் மராமத்துக்கென்றே தனிக் கணக்கில் வைக்க உத்தரவு போடுங்கள். ஒவ்வொரு ஆண்டும் புரட்டாசிக்குள் மொட்டைமாடி ஏறிப் பார்த்து, வடிகுழாய் அடைப்பெடுத்து, முளைத்த கன்றைப் பிடுங்கி, அதைப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். அந்த அளவு வேலைக்கு எந்தத் திட்டமும் தேவையில்லை. புயல் நிவாரணக் கணக்கெடுப்பில், மக்கள் தங்கிய பொதுக்கட்டடமும் ஒரு வரியாக இருக்கட்டும்.

குடிமராமத்து என்ற சொல் டெல்டாக்காரர்களுக்குப் புதிதில்லை. எங்கள் தாத்தா காலத்தில் வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு போய் வாய்க்கால் வெட்டினார்கள். 2017-ல் அரசு அதே பெயரில் ஏரி, குளம், வாய்க்காலைச் சீர்படுத்தியபோது பாசனக்காரர்கள் பங்கு 10 சதவீதம் என்று வைத்தது, அதை உழைப்பாகவும் பொருளாகவும் கொடுக்கலாம் என்றது. கூடத்துக்கும் அப்படி ஒரு வழி வேண்டும். எங்கள் ஊரில் கொத்தனார் ஆறு பேர், சித்தாள் வேலைக்குப் போகிற பெண்கள் இருபது பேருக்கு மேல், மின்வேலை தெரிந்த பையன்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். ஆளுக்குப் பத்து நாள் கூலி வாங்காமல் வேலை செய்யத் தயார் என்று மொய் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்து வைத்திருக்கிறார்கள். ஆனால் அலுவலகத்தில் எங்கள் பங்கு ரொக்கமாகத்தான் வேண்டும் என்றார்கள். ஏழரை லட்சம் ரூபாய்க்கு மேலான இந்த வேலையில் அந்த உழைப்புக்கு ஒரு மதிப்புப் போட்டு எங்கள் பங்கில் சேர்த்தால், விலைப் பட்டியல் எத்தனை முறை மாறினாலும் எங்களால் ஈடுகொடுக்க முடியும்.

ஒன்று மட்டும் அவசரம். மேல்தள வேலைக்கு ஏற்ற காலம் மாசியிலிருந்து ஆனி வரைதான். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, தண்ணீர் கடைமடைக்கு வந்து நடவு தொடங்கிவிட்டால் சித்தாள் பெண்கள் வயலுக்குப் போய்விடுவார்கள், ஐப்பசியில் மழை பிடித்துக்கொள்ளும். மாசிக்குள் நிர்வாக அனுமதி கிடைத்தால் மறுநாளே கொத்த ஆரம்பித்துவிடுவோம். எங்கள் பங்குப் பணம் வங்கியில் இருக்கிறது. சாவி என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்,
திருத்துறைப்பூண்டி வட்டம், திருவாரூர் மாவட்டம்.